செப்டம்பர் பதினேழும் பிப்ரவரி பதினொன்றும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 17 வந்தால் நம் காதில் இரண்டு ஓசைகள் விழுகின்றன. ஒன்று முரசோசை. முஸ்லிம் கொடுங்கோன்மையிலிருந்து ஐதராபாத் மீண்ட நாள் இது என்று கொட்டி முழக்குவோரின் ஓசை. மற்றொன்று பெருமூச்சு. இது நம் வீட்டுத் திண்ணைகளிலும் பள்ளிவாசலின் ஹவுழுக் கரையிலும் கேட்பது. "அவ்வளவு பெரிய முஸ்லிம் ராஜ்யம் ஐந்தே நாளில் போயிற்றே" என்பார் ஒரு பெரியவர், சுற்றியிருப்போர் தலையசைப்பர். 2022இல் அந்த நாளை மத்திய அரசு 'விடுதலை நாள்' என்ற பெயரில் ஐதராபாத்தில் கொண்டாடிற்று. தெலங்கானா மாநில அரசோ அதே நகரில், அதே நாளில், 'தேசிய ஒருமைப்பாட்டு நாள்' என்று தனி விழா எடுத்தது. ஒரே நாளுக்கு ஒரே ஊரில் இரண்டு பெயர்கள். எந்தப் பெயரும் அந்த மண்ணில் உழுதவனைக் கேட்டு வைத்ததன்று.

முரசு கொட்டுவோர் சொல்வது பொய் என்கிறோம். பெருமூச்சு விடுவோர் சொல்வது அறியாமை என்கிறோம். இவ்விரண்டையும் அறிவதற்கு நாம் ஐதராபாத் வரை போக வேண்டியதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் நிற்கும் மத்தியச் சிறையின் மதிலே போதும். 1950 பிப்ரவரி 11 அன்று அந்த மதிலுக்குள் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செங்கொடி ஏந்துவோரைத் தவிர இந்த மாவட்டத்தில் அந்த நாளை நினைப்பவர் மிகச் சிலர். ஐதராபாத்தின் செப்டம்பரும் சேலத்தின் பிப்ரவரியும் ஒரே போரின் இரண்டு ஏடுகள். ஒன்றைக் கிழித்துவிட்டு மற்றொன்றைப் படிப்பதனால்தான் இந்த வரலாறு நமக்கு ஓர் இந்து முஸ்லிம் சண்டையாகத் தோன்றுகிறது.

முதலில் நம்மவரிடம் பேசுவோம். பிறருக்குச் சொல்லும் முன் வீட்டாருக்குச் சொல்வதே முறை.

மீர் உஸ்மான் அலீ கானின் ஆட்சியில் நிலம் யாரிடம் இருந்தது? சமஸ்தான நிலத்தில் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கு ஜாகீர்களாகவும், நிஜாமின் சொந்த உடைமையாகிய 'ஸர்ஃபே காஸ்' ஆகவும் இருந்தது. எஞ்சியதிலும் தேஷ்முக்குகள் என்ற வரிவசூல் பிரபுக்கள் ஊர் ஊராக வளைத்து வைத்திருந்தனர். ஜன்னாரெட்டி என்ற ஒரே குடும்பத்தின் கையில் ஒன்றரை இலட்சம் ஏக்கர் இருந்ததாகச் சுந்தரய்யா எழுதியிருக்கிறார். அந்த நிலங்களில் குடியானவனும், சலவைத் தொழிலாளியும், குயவனும், தோல் வேலை செய்வோனும் கூலியின்றி உழைக்க வேண்டும். அதற்குத் தெலுங்கில் 'வெட்டி' என்று பெயர். நமக்கும் அது புதிய சொல்லன்று. சோழர் கல்வெட்டுகளில் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்து நிற்கும் சொல் அதுவேயாகும். இன்று நாம் பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். உழைத்தவனுக்குப் பயனில்லை என்பதிலிருந்து, உழைப்பிலேயே பயனில்லை என்ற பொருளுக்கு அச்சொல் நழுவிவிட்டது போலும்.

இந்தத் தேஷ்முக்குகளில் பெரும்பாலோர் யார்? இந்துக்கள். அவர்களைத் தாங்கி நின்ற அரசு யாருடையது? முஸ்லிம் மன்னருடையது. அவர்களால் நசுக்கப்பட்டவர் யார்? இரு சமயத்தாரும். ஷேக் பந்தகீ என்ற ஏழை முஸ்லிம் விவசாயியின் வரலாறு இதற்குச் சான்று. தம் துண்டு நிலத்தைக் காக்க அவர் விசுனூர் தேஷ்முக்கின் ஆட்களை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார்; வழக்கில் வென்றார்; வென்ற குற்றத்துக்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் மன்னரின் நாட்டில் ஒரு முஸ்லிமின் உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பு. அவர் கதையைப் பிற்பாடு 'மா பூமி' என்ற நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தவர்கள் தெலுங்கு இந்துக்கள். பந்தகீயின் பெயர் நம் திண்ணைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நிஜாமின் வைரத்தைப் பற்றிக் கேளுங்கள், எல்லோருக்கும் தெரியும்.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'கஸ்ப்' என்று தனிப் பாடமே உண்டு. பிறர் உடைமையை வன்முறையால் கவர்வது அது. அந்தப் பாடத்தை ஓதிக் கொடுக்கும்போது, கவர்ந்தவன் முஸ்லிம் என்றால் ஒரு தீர்ப்பு, காஃபிர் என்றால் வேறு தீர்ப்பு என்று எந்த இமாமும் நமக்குக் கற்பிக்கவில்லை. அரியணைக்குப் பின்னால் பிறைக்கொடி பறந்ததனால் வெட்டி உழைப்பு ஹலாலாகி விடாது. பெருமூச்சு விடும் பெரியவர்கள் இதற்கு விடை கூறட்டும்.

இனி ரஸாக்கார்கள். சொல் என்னவோ அழகானது. அரபியின் 'ரிளா'வும் பாரசீகத்தின் 'கார்'உம் இணைந்து, மனமுவந்து பணி செய்வோர் என்று பொருள்படும். லாத்தூர் வழக்குரைஞர் காஸிம் ரஸ்வியின் தலைமையில் அந்தத் தொண்டர்கள் செய்த பணி யாது? 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டுத் தொட்டி கொமரய்யா மாண்டார். அங்கே மூண்ட உழவர் கிளர்ச்சியை, 1947க்குப் பின் தேஷ்முக்குகளுடன் தோள் சேர்ந்து நின்று அடக்கியதே அவர்கள் செய்த பணி. ஊர்களை எரித்தார்கள், கொள்ளையிட்டார்கள். ஐதராபாத் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று எழுதிய உருதுப் பத்திரிகையாசிரியர் ஷுஐபுல்லாஹ் கானை 1948 ஆகஸ்டில் நள்ளிரவில் கொன்றார்கள். எழுதிய கையையும் வெட்டினார்கள். மறுபுறம், 1947 செப்டம்பர் 11 அன்று நிஜாமுக்கு எதிராக ஆயுதம் ஏந்துமாறு அறைகூவல் விடுத்தவர்களில் ஒருவர் உருதுக் கவிஞர் மக்தூம் முஹ்யித்தீன். ரஸ்வியும் முஸ்லிம், ஷுஐபுல்லாஹ் கானும் முஸ்லிம், மக்தூமும் அக்குலத்தில் பிறந்தவரே. இந்தப் போரில் 'முஸ்லிம் தரப்பு' என்று ஒன்று எங்கே இருந்தது?

ரஸ்வி 1957 வரை சிறையிலிருந்து, விடுதலையானதும் பாகிஸ்தான் சென்றுவிட்டார். அவர் பேச்சைக் கேட்ட கிராமத்து ஏழைகளுக்குப் போக இடம் ஏது?

இங்கேதான் முரசு கொட்டுவோரின் பக்கம் திரும்புகிறோம். 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை நுழைந்தது. 17ஆம் நாள் நிஜாம் பணிந்தார். 'போலீஸ் நடவடிக்கை' என்று அதற்குப் பெயரிட்டார்கள். தளபதி ஜே. என். சௌதுரி இராணுவ ஆளுநரானார். அதையடுத்த வாரங்களில் நடந்ததை விசாரிக்கப் பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃப்பார், மௌலானா அப்துல்லா மிஸ்ரீ ஆகியோரைப் பிரதமர் நேரு அனுப்பினார். கொல்லப்பட்டோர் குறைந்த கணக்கில் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று அக்குழு எழுதிற்று. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு ஆகிய நான்கு மாவட்டங்கள் மிக மோசம் என்றது. தம் உயிரைப் பணயம் வைத்து முஸ்லிம் அண்டை வீட்டாரைக் காத்த இந்துக்களையும் அவ்வறிக்கை மறவாமல் குறித்திருக்கிறது. அரசு அதை வெளியிடவில்லை. 2013க்குப் பின்னரே தில்லி நேரு நினைவு நூலகத்தில் அது பொதுவாகப் பார்வைக்குக் கிடைத்தது. விழா மேடையில் மாலை சூட்டிக்கொள்வோர் அந்த எண்ணிக்கையை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்ததுண்டா?

ஆயினும் நம் வழக்கு அதனோடு முடியவில்லை. முடிந்திருந்தால், இதுவும் ஒரு சமயச் சண்டை என்று சொல்லிவிடலாம். நிஜாம் 17ஆம் நாளே பணிந்துவிட்டார். ரஸாக்கார்கள் சிதறி ஓடிவிட்டார்கள். படை வந்த வேலை முடிந்துவிட்டது. பிறகு அந்தப் படை ஏன் நல்கொண்டாவிலும் வாரங்கலிலும் மேலும் மூன்றாண்டு தங்கிற்று? யாரோடு போரிட்டது?

நிஜாமை எதிர்த்து நின்ற அதே உழவர்களோடு போரிட்டது! சங்கம் என்று அழைக்கப்பட்ட ஊர்க் குழுக்கள் ஏறத்தாழ 3,000 கிராமங்களில் ஆட்சி நடத்திப் பத்து இலட்சம் ஏக்கரைப் பங்கிட்டிருந்தன என்பது சுந்தரய்யாவின் கணக்கு. ஓடிப்போன தேஷ்முக்குகள் படையின் பின்னால் கதர்க் குல்லாய் அணிந்து திரும்பி வந்து, பங்கிட்ட நிலத்தைப் பறித்தார்கள். கொரில்லாக் குழுக்கள் சமவெளியை விட்டுக் கோதாவரிக் கரைக் காடுகளுக்கும் நல்லமலைக்கும் ஒதுங்கின. காட்டில் அவர்களுக்குச் சோறளித்த கோயர் முதலிய பழங்குடிகளின் குடிசைகளை எரித்து, காவலுள்ள முகாம்களில் அவர்களை அடைத்தது அரசு. சற்றேறக்குறைய 4,000 பேர் கொல்லப்பட்டனர், 10,000 பேர் சிறைப்பட்டனர் என்பதும் அவர் தரும் கணக்கே. அவர் போரிட்ட தரப்பின் தலைவர் என்பதை வாசகர் கருத்தில் கொண்டே இதைப் படிக்கட்டும். பாதியாகக் குறைத்து எண்ணினாலும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அதே காலத்தில் மலாயாவில் ஆங்கிலேயர் செய்ததும் இதுவே. 1948 ஜூனில் அவசரநிலை பிறப்பித்து, 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகளை முள்வேலிக்குள் பெயர்த்து வைத்தார்கள். நம் ஊர்களிலிருந்து பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சபர் போன குடும்பங்களுக்கு அந்த முள்வேலி நினைவிருக்கும். தமிழரான தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க நேருவின் அரசு ஆங்கிலேயரிடம் மன்றாடிற்று. அது நல்ல செயல்தான். கடல் கடந்து காட்டிய அந்த இரக்கம் நல்கொண்டா வரை ஏன் எட்டவில்லை என்றே கேட்கிறோம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசாயிற்று. அன்று ஐதராபாத் மாநிலத்தின் ராஜப்பிரமுகராக அமர்ந்தவர் யார்? அதே மீர் உஸ்மான் அலீ கான்! 1956 வரை அந்தப் பதவி அவருக்கு இருந்தது. எவரிடமிருந்து விடுதலை என்று இன்று விழா எடுக்கிறார்களோ, அவருக்கே ஆசனம். அவரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவனுக்குச் சிறைக் கொட்டடி. குடியரசு பிறந்த பதினாறாம் நாள் சேலத்தில் குண்டு.

சேலத்தில் மாண்டவர்கள் தெலங்கானாக் காட்டிலிருந்து வந்தவர்களல்லர். பெரும்பாலோர் மலபார் மாவட்டத்தவர். 1946 டிசம்பரில் காவும்பாயி முதலிய ஊர்களில், பஞ்ச காலத்தில் நெல்லுக்கும் விறகு வெட்டிப் பயிரிடும் நிலத்துக்கும் நடந்த கிளர்ச்சி வழக்குகளில் சிக்கியவர்கள் அவர்களில் உண்டு. அந்நாளில் மலபாரும் சேலமும் கிருஷ்ணா மாவட்டமும் ஒரே சென்னை மாகாணம். மாகாணத்தின் வடக்கெல்லை தெலங்கானாவைத் தொட்டது. அங்கே மூண்ட தீ இங்கே பரவாதிருக்க என்று சொல்லி, 1949இல் இம்மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார்கள். ஆந்திரக் கிராமங்களில் மலபார் சிறப்புப் போலீசை ஏவினார்கள். அந்தப் படையின் பிறப்பை நம் வாசகர் அறிந்திருக்க வேண்டும். 1921இல் மாப்பிள்ளைமாரை ஒடுக்க ஆங்கிலேயன் திரட்டிய படை அது. ஆங்கிலேயன் போனான், படை போகவில்லை. ஆள் மட்டும் மாறினான், சுடப்படுபவன்.

சேலம் சிறைக்குள் அவர்கள் கேட்டது விடுதலை அன்று. தங்களைத் திருடரையும் கொலைஞரையும் போல் நடத்தாமல் அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்பதே கோரிக்கை. காங்கிரஸ் தலைவர்கள் ஆங்கிலேயனின் சிறையில் இருந்தபோது கேட்டதும் இதைத்தானே? பூட்டிய மதிலுக்குள், தப்பியோட வழியில்லாத இடத்தில், 22 பேரைச் சுட்டு வீழ்த்துவதற்கு எந்தச் சட்டம் இடம் கொடுத்தது? மாண்டவர் பட்டியலில் நாயர் உண்டு, நம்பியார் உண்டு, முதலியார் உண்டு. ஷேக் தாவூத் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்கார்வதை நாம் அறிவோம். மற்ற 21 பெயர்களைக் கேட்டபோதே நிமிர்ந்திருக்க வேண்டாமா?

"அவர்கள் நாத்திகர்கள், அல்லாஹ்வை மறுப்பவர்கள், அவர்கள் செத்தால் நமக்கென்ன?" என்று ஒரு மேடையில் கேட்கப்பட்டது. கேட்டவர் நம்மைப் போல் ஓதிப் படித்தவர். கம்யூனிசக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. இறைமறுப்போடு நமக்குச் சமரசமும் இல்லை. ஆனால் 'நமக்கென்ன' என்ற சொல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சற்றுத் தொடர்ந்து பார்ப்போம்.

சேலம் படுகொலையைக் கண்டித்துப் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஏடு எழுதிற்று. 1950 மார்ச் 1 அன்று அது சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை ஏற்று அரசு வாளாவிருந்ததா? இல்லை. அடுத்த ஆண்டே முதலாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைப் பேச்சுரிமையின் கழுத்தில் கட்டிற்று. ஏ. கே. கோபாலனின் வழக்கில் 1950 மே 19 அன்று அதே நீதிமன்றம், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. கம்யூனிஸ்டுகளை மனத்தில் வைத்து 1950 பிப்ரவரியில் அவசரமாக இயற்றிய சட்டம் அது. ஓராண்டுக்கென்று வந்தது, 1969 வரை நீடித்தது. பிறகு 1971இல் மிசா வந்தது. 1975இல் அவசரநிலையில் ஜமாஅத்தே இஸ்லாமியும் தடை செய்யப்பட்டது; அதன் ஊழியர்கள் சிறை சென்றனர். 1985இல் தடா, 2002இல் பொடா. இந்தச் சட்டங்களால் வீட்டு ஆண்மகனை இழந்து, நீதிமன்ற வராந்தாக்களில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த தாய்மாரை நாம் எல்லா ஊர்களிலும் கண்டிருக்கிறோம். நாத்திகனுக்கென்று வெட்டிய குழியில் விழுந்தவர்கள் ஐவேளை தொழுதவர்கள்.

இவ்வளவு சொல்லும் நாம் கம்யூனிஸ்டுகளையும் விடப்போவதில்லை. 1948 மே மாதத்தில் நிஜாம் அவர்கள் கட்சி மீதிருந்த தடையை நீக்கினார்; உடனே ஐதராபாத் நகரக் குழு 'ஆஸாத் ஐதராபாத்' என்று நிஜாமின் பாட்டையே பாடியது. கிராமத்தில் நிஜாமோடு போர், நகரத்தில் நிஜாமோடு உறவு! நிஜாம் வீழ்ந்ததும் ரவி நாராயண ரெட்டி போன்றோர், மக்கள் இனி ஆயுதப் போரை விரும்பவில்லை என்று சொல்லிப் பார்த்தனர். ரணதிவே தலைமை கேட்கவில்லை. நாடெங்கும் புரட்சி வெடிக்கப் போகிறது என்று கனவு கண்டது. ஒற்றர் என்று ஐயுற்றவர்களைக் கொன்றார்கள்; அந்தக் கொலைகளின் கணக்கு அவர்கள் நினைவு மலர்களில் இராது. கடைசியில் போரை நிறுத்துவதா என்று கேட்க 1951இல் நால்வர் மாஸ்கோ சென்று ஸ்டாலினைக் கண்டனர். காட்டில் பட்டினி கிடந்த கோயனைக் கேட்கவில்லை. 1951 அக்டோபரில் போர் நிறுத்தப்பட்டது. முன்பே நிறுத்தியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று அந்தக் கட்சியார் இன்றுவரை மேடையில் பேசக் கேட்டோமில்லை.

ஆனால் மக்கள் அந்தப் போரை எப்படிக் கண்டார்கள் என்பதற்கு வாக்குப் பெட்டி சாட்சி. 1952இல் நல்கொண்டாவில் நின்ற ரவி நாராயண ரெட்டிக்கு நேருவைவிட அதிக வாக்குகள் விழுந்தன. அது இரட்டை உறுப்பினர் தொகுதி என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன்னரே ஆட்சியாளருக்கும் கண் திறந்திருந்தது. 1949 ஆகஸ்டில் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவேயிடம் ஒரு நிலக்கிழார் 100 ஏக்கர் தர, பூதான இயக்கம் பிறந்தது. கேட்டபோது சுட்டார்கள், சுட்ட பிறகு கொடுத்தார்கள்.

நம் சமவெளிக்கும் இந்தப் போருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இளைஞர்கள் இதை அறியார். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் 1947-48இல் மாகாணத்தின் உள்துறையையும் போலீசையும் வைத்திருந்த அமைச்சர். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் தலைவர். மகள் பார்வதி கிருஷ்ணனும் அக்கட்சியே. மற்றொரு மகன் பி. பி. குமாரமங்கலம் படைத்துறை அதிகாரி. ஐதராபாத்துக்குள் படை நடத்திய அதே சௌதுரிக்குப் பின் 1966இல் தரைப்படைத் தலைவரானார். போலீசும் புரட்சியும் பட்டாளமும் ஒரே வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து உண்டன. அந்த வீட்டில் எவருக்கும் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் என்று நாம் கருதவில்லை. காவும்பாயியின் உழவனுக்கும் கமாரெட்டிகூடத்துப் பந்தகீக்கும் அப்படியொரு பந்தி இல்லை என்றே குறிக்கிறோம்.

இன்று நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் லாரிகள் ஐதராபாத் நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடுகின்றன. அவற்றின் ஓட்டுநர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. சூரியாப்பேட்டையில் நிறுத்தித் தேநீர் குடிக்கும் அப்பிள்ளைகளுக்குத் தொலைபேசித் திரையில் வருவது ரஸாக்கார் கதை மட்டுமே. அந்த ஊரில் பந்தகீயின் பெயரால் தெலுங்கு உழவர்கள் பாட்டுப் பாடினார்கள் என்று சொல்லக் கூடிய உஸ்தாத் அவர்கள் மதரஸாவில் இருந்தாரா?

அரசிடம் கேட்பது ஒன்றுண்டு. 1950 பிப்ரவரி 11 துப்பாக்கிச் சூட்டைப் பற்றிச் சென்னை மாகாண அரசு எழுதி வைத்த தாள்கள் எவை எஞ்சியிருப்பினும், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துத் தமிழில் அச்சிட்டு வெளியிட வேண்டும்: சுடச் சொன்னவர் யார், எத்தனை சுற்று, அடக்கம் செய்தது எங்கே, குடும்பத்தாருக்கு எப்போது தெரிவித்தார்கள் என்பது உட்பட. இதைக் கம்யூனிஸ்டுகள் கேட்டால் கட்சிக் கோரிக்கை என்று ஒதுக்கி விடுவார்கள். சேலம் மாவட்டத்து ஜமாஅத்துகள் கூடித் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும், 22 பெயர்களையும் வரிசை பிசகாமல் எழுதி.